விசிலுக்கு முன்னால் கண்: புதிய கூடைப்பந்து நடுவருக்கு

உடற்கல்வி படித்துவிட்டு, கடந்த ஆண்டு மாவட்ட அளவிலான நடுவர் தேர்வில் தேறிய தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "இருபது போட்டிகள் வரை ஊதிவிட்டேன். விதிப்புத்தகம் கிட்டத்தட்ட மனப்பாடம். ஆனாலும் களத்தில் இறங்கினால் தடுமாறுகிறேன். ஊதலாமா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் பந்து அடுத்த பக்கம் போய்விடுகிறது. ஊதினாலோ பயிற்சியாளர்கள் கத்துகிறார்கள். எங்கே தொடங்கி என்னைத் திருத்திக்கொள்வது?"

தம்பி, விதி தெரிகிறது, முடிவு மட்டும் வரவில்லை என்கிறீர்கள். பதினெட்டு ஆண்டுகளாகப் பள்ளி, கல்லூரி, மாவட்ட, மாநிலப் போட்டிகளில் ஊதிவருகிறேன். புதியவர்கள் பலரோடு ஒரே களத்தில் நின்றிருக்கிறேன். அவர்களில் விதி தெரியாமல் தவறியவர்கள் குறைவு. நடந்ததைச் சரியாகப் பார்க்காமல் தவறியவர்களே அதிகம். பார்க்காத ஒன்றுக்குத் தீர்ப்புச் சொல்லச் சொன்னால் யாருக்கும் தடுமாற்றம் வரும். அதனால் விசிலையும் சைகையையும் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, உங்கள் கண் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

நான் ஊதத் தொடங்கிய இரண்டாம் ஆண்டு. மே மாதம், திறந்தவெளி சிமெண்ட் தளம். விளக்குகள் போட்ட பிறகும் பகல் வெயிலின் சூடு காலணி வழியாக ஏறிக்கொண்டிருந்தது. கடைசிக் கால் பகுதியில் இரண்டு புள்ளிதான் வித்தியாசம். வெள்ளை அணியின் 7-ஆம் எண் வலப்பக்கமிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்து எழும்பினான். நீல அணியின் 12-ஆம் எண் முன்னால் இருந்தான். இருவரும் மோதி விழுந்தார்கள், பந்து வளையத்துக்குள் போனது. நான் ஊதினேன். பந்து வைத்திருந்தவன் மேல் ஃபவுல், கூடை செல்லாது என்றேன். வெள்ளை அணியின் பெஞ்சு முழுவதும் எழுந்து நின்றது.

என்னோடு ஊதிய மூத்த நடுவர் அங்கே எதுவும் சொல்லவில்லை. போட்டி முடிந்து தண்ணீர்த் தொட்டியருகே முகம் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டார்: "அந்தப் பன்னிரண்டாம் எண் பையன் எப்போது அங்கே வந்தான்?"

"மோதும்போது அங்கேதான் சார் நின்றான்."

"அதைக் கேட்கவில்லை. ஏழாம் எண் தரையை விட்டு எழும்பினானே, அந்த நேரத்தில் பன்னிரண்டாம் எண்ணின் கால் எங்கே இருந்தது?"

என்னிடம் பதில் இல்லை. தட்டிய கையிலிருந்து பிடித்த கைக்கும், அங்கிருந்து வளையத்துக்கும் பந்தோடு போய்க்கொண்டே இருந்தது என் கண். தடுத்தவனை நான் பார்த்ததே அவன் விழுந்த பிறகுதான். சார் விரலைத் தண்ணீரில் நனைத்து, குந்தி உட்கார்ந்து தரையில் இரண்டு கோடுகள் போட்டார். ஒன்று ஏழாம் எண் வந்த வழி, இன்னொன்று பன்னிரண்டாம் எண் பக்கவாட்டில் வந்த வழி. "இவன் எழும்பிய பிறகு அவன் குறுக்கே வந்திருக்கிறான். நான் பார்த்தேன். ஆனால் அது உன் பகுதி, உன் முடிவு" என்றார். சூட்டில் அந்தக் கோடுகள் காய்ந்து மறைந்தன. அன்றைய போட்டியின் மற்ற எதுவும் எனக்கு இப்போது நினைவில்லை. அந்த ஈரக் கோடுகள் மட்டும் இருக்கின்றன.

அந்தக் கேள்வியை நான் உங்களிடம் ஒப்படைக்கிறேன். ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: தடுப்பவரின் கால் எங்கே இருந்தது? பதில் தெரிந்தால் உங்கள் கண் சரியான இடத்தில் இருந்திருக்கிறது.

பந்து வைத்திருப்பவரைப் பார்க்கவே வேண்டாமா என்று தோன்றலாம். அவர் உங்கள் பார்வையின் ஓரத்தில் தானாகவே தெரிவார். பந்து அசையும் பொருள், கண்ணை இழுத்துக்கொண்டே இருக்கும். அதைப் பார்க்கத் தனியாக முயல வேண்டியதில்லை. முயன்று பார்க்க வேண்டியவர் தடுப்பவர்தான். அவர் முறையாக நின்றாரா, கையை எங்கே நீட்டினார், இடுப்பால் தள்ளினாரா என்பதை முதலிலேயே கணித்துவிட்டால், மோதல் நடக்கும்போது பாதி முடிவு உங்கள் கையில் இருக்கும். தடுப்பவர் எந்தத் தவறும் செய்யாமல் இருந்து, அதன்பின் மோதல் வந்தால் ஃபவுல் எதிர்ப்பக்கம், அல்லது ஃபவுலே இல்லை.

இதில் விதியைச் சற்று விரித்துச் சொல்கிறேன். நம் ஊர்க் களங்களில் மிகுதியாகத் தவறாகச் சொல்லப்படுவது இதுதான். "அவன் நகர்ந்தான் சார், அதனால் அவன் ஃபவுல்" என்று ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் கத்துவார்கள். நகர்வது குற்றமில்லை. எதிராளியை நோக்கி முகம் இருக்க, இரண்டு காலும் தரையில் பட ஒருமுறை நின்றுவிட்டால் தடுப்பவர் தன் இடத்தைச் சட்டப்படி பிடித்துவிட்டார். அதன்பின் அந்த இடத்தைக் காத்துக்கொள்ளப் பக்கவாட்டிலும் பின்னாலும் நகரலாம், நேராக மேலே எழும்பலாம், அடியைத் தாங்கிக்கொள்ள உடம்பைத் திருப்பலாம். மோதல் அவருடைய மார்புப் பகுதியில் விழுந்தால் பந்தோடு வந்தவர்தான் பொறுப்பு. பந்து வைத்திருப்பவரைத் தடுக்கும்போது இவ்வளவு தூரம், இவ்வளவு நேரம் இடைவெளி விட வேண்டும் என்ற கணக்கும் கிடையாது. பந்து இல்லாதவரைத் தடுக்கும்போதுதான் அந்தக் கணக்கு வரும்: அவர் நிற்கவோ திரும்பவோ ஓரிரு அடிகள் இடம் வேண்டும்.

எழும்பியவரின் கதை வேறு. களத்தில் ஓரிடத்திலிருந்து எழும்பிய ஆட்டக்காரருக்கு அதே இடத்தில் இறங்கும் உரிமை உண்டு. எழும்பும்போது காலியாக இருந்த வேறிடத்தில் இறங்கவும் உரிமை உண்டு. அவர் காற்றில் இருக்கும்போது அந்த வழிக்குள் யார் புகுந்தாலும் ஃபவுல் புகுந்தவர் மேல்தான், மோதும் நொடியில் அவர் சிலைபோல நின்றிருந்தாலும் சரி. அன்றைக்கு நான் தவறியது இங்கேதான். "மோதும்போது நின்றான்" என்பது எதையும் நிரூபிக்காது. எழும்பிய நேரத்தில் எங்கே இருந்தான் என்பதே வழக்கு.

வளையத்துக்கு அடியில் 1.25 மீட்டர் ஆரத்தில் ஓர் அரைவட்டம் இருக்கிறது. பந்தோடு எழும்பி வருபவரை அதற்குள் காலை வைத்துக்கொண்டு நிற்பவர் தடுத்தால், வெறும் மோதலுக்குப் பந்தோடு வந்தவர் மேல் ஃபவுல் கொடுக்க முடியாது. கோட்டின் மேல் கால் பட்டிருந்தாலும் உள்ளே இருப்பதாகவே கணக்கு. நம் சிமெண்ட் தளங்கள் பலவற்றில் இந்த அரைவட்டம் அழிந்துபோயிருக்கும், சிலவற்றில் போடப்பட்டே இருக்காது. போட்டிக்கு முன் களத்தைச் சுற்றி நடக்கும்போது இதைப் பார்த்து, இல்லையென்றால் அமைப்பாளரிடம் சொல்லிச் சுண்ணாம்பிலாவது போடச் செய்யுங்கள். நடுவரின் அதிகாரம் போட்டி தொடங்குவதற்கு 20 நிமிடம் முன்பே தொடங்கிவிடுகிறது. அந்த 20 நிமிடத்தில் இதையெல்லாம் செய்யலாம்.

இன்னொன்று, செங்குத்தாக எழும்பும் தடுப்பவர். உயரமான பையன் கையை நேராக மேலே தூக்கியபடி எழும்புகிறான், பந்தோடு வந்தவன் அவன் மேல் மோதிக் கீழே விழுகிறான். கூட்டம் "ஃபவுல்" என்று எழும். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் தான் நிற்கும் தரைக்கும் அதற்கு மேலுள்ள காற்றுக்கும் உரிமை உண்டு, கண்ணுக்குத் தெரியாத ஓர் உருளைக்குள் அவர் நிற்பதுபோல. அதற்குள் நேராக எழும்பியவர் தவறு செய்யவில்லை. இந்தப் பையன்களை உயரமாக இருப்பதற்காகவே தண்டிக்கிறோமோ என்று எனக்குப் பல நாள் வருத்தம் உண்டு. எத்தனையோ நல்ல தடுப்பாட்டக்காரர்கள் ஐந்து ஃபவுலோடு மூன்றாம் கால் பகுதியிலேயே பெஞ்சில் போய் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். விழுந்தவன் மேல் இரக்கப்பட்டு ஊதாதீர்கள். நிற்பவனின் கை சாய்ந்ததா, உடம்பு முன்னால் வந்ததா என்று பார்த்து ஊதுங்கள்.

காதை நம்பியும் ஊத வேண்டாம். பந்தின் மேல் கை படும் "சட்" என்ற ஓசையும் மணிக்கட்டில் படும் ஓசையும் தூரத்திலிருந்து ஒன்றுபோலவே கேட்கும்.

சரி, கண் தடுப்பவர் மேல் இருக்க வேண்டுமென்றால் கால் அதற்கேற்ற இடத்தில் நிற்க வேண்டும். பந்து போடுபவர், தடுப்பவர், நீங்கள் மூவரும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் உங்களுக்குத் தெரிவது ஒரு முதுகு மட்டும்தான். இருவருக்கும் நடுவிலுள்ள இடைவெளி தெரிய வேண்டும். அந்த இடைவெளி வழியாக வெளிச்சம் தெரிந்தால் நீங்கள் சரியான கோணத்தில் இருக்கிறீர்கள். பெரும்பாலும் இதற்கு ஒன்றிரண்டு அடி பக்கவாட்டில் நகர்ந்தாலே போதும். புதியவர்கள் இந்த இரண்டு அடியை நகராமல், கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள்.

கிட்டப் போனால் நன்றாகத் தெரியும் என்பதும் தவறான எண்ணம். மிக அருகில் நின்றால் ஒரு கையும் ஒரு தோளும்தான் தெரியும். நான்கைந்து மீட்டர் தள்ளி நின்றால் இருவரின் கால்முதல் கைவரை தெரியும், தன் அணிக்காரருக்கு வழி கிடைக்க எதிராளியை மறித்து நிற்க, அதாவது ஸ்கிரீன் போட, வருபவரும் தெரிவார். இன்னொரு முக்கியமான விஷயம், மோதல் நடக்கும் நொடியில் நீங்கள் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. ஓடும்போது கண் குலுங்கும், தூரமும் கோணமும் மாறிக்கொண்டே இருக்கும். முன்னதாக ஓடி, நின்று, பாருங்கள். நடுவருக்கு உடற்பயிற்சி தேவை என்று சொல்வதன் உண்மையான காரணம் இதுதான். 28 மீட்டர் களத்தில் ஆட்டக்காரர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, மூச்சுவாங்காமல் நிலையாக நின்று பார்க்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள் குறுகிய தூர ஓட்டங்கள் ஓடுங்கள். மெதுவாக ஐந்து கிலோமீட்டர் ஓடுவதைவிட, களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு விரைந்து ஓடி நின்று, முப்பது நொடி கழித்து மறுபடி ஓடுவதே நம் வேலைக்கு நெருக்கமானது.

மாவட்டப் போட்டிகளில் பெரும்பாலும் இரண்டு நடுவர்கள்தான். ஒருவர் கூடைக்குப் பின்னாலுள்ள எல்லைக்கோட்டில் நிற்கும் லீட், மற்றவர் ஆட்டத்துக்குப் பின்னாலிருந்து பக்கக்கோட்டை ஒட்டி வரும் டிரெயில். இருவரும் மூலைக்கு மூலையாக நின்று பத்துப் பேரையும் நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும். பந்து உங்கள் பகுதியில் இருந்தால் பந்தைச் சுற்றியுள்ள ஆட்டம் உங்களுடையது. பந்து உங்கள் கூட்டாளியின் பகுதிக்குப் போய்விட்டால் பந்தை மறந்துவிடுங்கள். இதைச் சொல்வது எளிது, செய்வதற்குப் பல மாதம் ஆகும். எனக்கு ஏறக்குறைய ஓராண்டு ஆனது. பந்து மேலே டிரெயிலின் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும்போது, கூடைக்கடியில் இரண்டு பெரிய உடம்புகள் முழங்கையால் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கக் களத்தில் உங்களைத் தவிர யாரும் இல்லை. இருவரும் பந்தையே பார்த்தால், மூன்றாம் கால் பகுதியில் அந்த முழங்கை ஒருவன் வாயில் படும்போது "திடீரென்று சண்டை வந்துவிட்டது" என்போம். உண்மையில் அது முதல் நிமிடத்திலேயே தொடங்கியிருக்கும்.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்துக்கு எழுதிய முதல் 13 விதிகளிலேயே இரண்டு நடுவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் பந்துக்கு நடுவர், மற்றவர் ஆட்களுக்கு நடுவர். ஃபவுல்களைக் குறித்துக்கொள்ளும் வேலை ஆட்களைப் பார்ப்பவருடையது. நெய்ஸ்மித் அப்போது வேலை பார்த்தது ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில். சென்னையில் 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியும் அந்த மரபின் கிளைதான். உங்களைப் போன்ற உடற்கல்வி மாணவர்களுக்கு இது தூரத்துச் சொந்தம் இல்லை. இன்று இரண்டு நடுவர்களும் இரண்டு வேலையையும் மாறிமாறிச் செய்கிறோம், அவ்வளவுதான். ஒவ்வொரு நொடியும் ஒருவராவது ஆட்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது அன்றைக்கே முடிவான ஒன்று.

இனி நீங்கள் சொன்ன தயக்கத்துக்கு வருகிறேன். யோசித்து முடிப்பதற்குள் பந்து போய்விடுகிறது என்கிறீர்கள். விதிமீறலுக்கும் ஃபவுலுக்கும் வேகம் வேறுவேறு. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது, பந்தைத் தட்டாமல் அளவுக்கு மேல் அடி வைக்கும் டிராவலிங், தட்டுவதை நிறுத்திவிட்டு இரண்டாம் முறை தட்டியது ஆகியவற்றுக்குக் கண்டவுடன் ஊதலாம். ஃபவுலுக்குச் சற்றுப் பொறுக்க வேண்டும். ஓர் ஆட்டத் துண்டுக்குத் தொடக்கம், நடு, முடிவு மூன்றும் உண்டு. தடுப்பவர் எப்படி நின்றார் என்பது தொடக்கம், மோதல் நடு, அந்த மோதலால் என்ன ஆனது என்பது முடிவு. மூன்றையும் பார்த்துவிட்டு ஊதினால் விசில் அரை நொடி தாமதமாக வரும். அந்த அரை நொடி தவறில்லை. அதைத் தாமதம் என்று நினைத்துப் பயந்துதான் புதியவர்கள் நடுவிலேயே ஊதிவிடுகிறார்கள், அல்லது நேரமாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள்.

ஓடிவந்து கூடைக்கருகே எழும்பிப் பந்தைப் போடும் லே-அப்புக்குப் போகிறவனின் இடுப்பில் லேசாகக் கை படுகிறது. அவன் சமநிலை குலையாமல் பந்தைப் போட்டுவிடுகிறான் என்றால், அந்தத் தொடுகை ஆட்டத்தை மாற்றவில்லை. அதே தொடுகையால் அவன் அடி தவறிப் பந்து கையிலிருந்து நழுவினால் அது ஃபவுல். பொறுத்தால்தான் இரண்டில் எது என்று தெரியும். பந்து உள்ளே போய்விட்டது என்பதற்காக உண்மையான அடியை விட்டுவிடலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. கையில் ஓங்கி அடித்தால் கூடை விழுந்தாலும் ஃபவுல்தான், கூடையும் செல்லும், யாரும் தடுக்காமல் கூடையில் போடும் ஒரு ஃப்ரீ த்ரோவும் உண்டு.

பார்த்ததை மட்டும் ஊதுங்கள். "பட்டிருக்க வேண்டும்" என்று ஊகித்து ஊதுவதைவிட ஊதாமல் இருப்பது நல்லது. நடக்காத ஃபவுலை ஊதினால் இல்லாத ஒன்றை நீங்கள் உருவாக்குகிறீர்கள், அதைப் போட்டி முழுவதும் எந்தப் பயிற்சியாளரும் மறக்கமாட்டார். தவறாக ஊதிவிட்டதாக உடனே தோன்றினால், அடுத்த முறை எதிரணிக்கு ஒன்றைக் கொடுத்துச் சமன் செய்யும் ஆசை வரும். அதற்கு ஒருநாளும் இடம் கொடுக்காதீர்கள். ஒரு தவறை இரண்டாக்குவீர்கள், களத்திலிருக்கும் எல்லாருக்கும் அது புரிந்துவிடும்.

டிராவலிங் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் தடுப்பவரைப் பாருங்கள் என்றேன், இதற்கு மட்டும் பந்து வைத்திருப்பவரின் பாதத்தைப் பார்க்க வேண்டும். சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா 2017-இல் இந்த விதியைத் திருத்தியது. ஓடிக்கொண்டே பந்தைப் பிடிப்பவர் அல்லது தட்டுவதை முடிப்பவர், பந்து கைக்குள் வரும்போது தரையில் எந்தக் கால் இருக்கிறதோ அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதன்பிறகு இரண்டு அடி வைக்கலாம். பழைய கண்ணுக்கு அது மூன்று அடியாகத் தெரியும். கிராமத்துக் களங்களில் இன்றும் பெரியவர்கள் "மூணு ஸ்டெப்பு" என்று கத்துவது இதனால்தான். அவர்கள் ஆடிய காலத்தில் அது சரியாகவும் இருந்தது. நீங்கள் கணக்கைப் பந்து கைக்குள் அடங்கிய நொடியிலிருந்து தொடங்க வேண்டும். அந்த நொடியைப் பிடிக்கத் தெரியாவிட்டால் அடியை எண்ணிப் பயனில்லை.

அதேசமயம், நின்றபடி பந்தைப் பெற்றவர் புறப்படும்போது செய்யும் தவறை நாம் மிக அதிகமாக விட்டுவிடுகிறோம். ஊன்றிய கால் தரையை விட்டு எழும்புவதற்குமுன் பந்து கையை விட்டிருக்க வேண்டும். நம் பள்ளிப் பிள்ளைகள் பலர் முதலில் காலை எடுத்துவிட்டுத்தான் பந்தைத் தரையில் போடுகிறார்கள். இதை ஊதுங்கள். ஊதினால் மூன்று போட்டிகளில் அந்தப் பிள்ளை திருத்திக்கொள்வான், ஊதாவிட்டால் மாநிலப் போட்டியில் போய் மாட்டுவான். பழகுவதற்கு ஒரு வழி: மாலையில் எங்காவது பயிற்சி நடக்கும் களத்துக்குப் போய், விசில் இல்லாமல் ஓரத்தில் உட்கார்ந்து, அரைமணி நேரம் கால்களை மட்டும் பாருங்கள். பந்து கைக்குள் வரும்போது மனதுக்குள் "இப்போது" என்று சொல்லி, பிறகு எண்ணுங்கள். ஒரு மாதத்தில் கண் தானாக எண்ணும்.

விசிலும் சைகையும் எளிதில் திருத்திக்கொள்ளக்கூடியவை. உள்ளே சிறு உருண்டை வைத்த பழைய விசிலை வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். கனடாவைச் சேர்ந்த நடுவர் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் 1984-இல் பிரேசிலில் ஓர் ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் ஊதும்போது உருண்டை சிக்கி விசில் சத்தமே வரவில்லை. அந்த அனுபவத்திலிருந்துதான் உருண்டையே இல்லாத ஃபாக்ஸ் 40 விசில் பிறந்தது. 1987-இல் இண்டியானாபோலிஸில் நடந்த பான் அமெரிக்கப் போட்டிகளில் அது அறிமுகமானது. இன்று நம் மாவட்ட நடுவர்கள் பலரின் கழுத்தில் தொங்குவதும் அதுதான். ஒரே ஒரு முறை, அழுத்தமாக ஊதுங்கள். மெலிந்த விசில் கேட்டால் ஊதியவருக்கே நம்பிக்கையில்லை என்று பயிற்சியாளர் புரிந்துகொள்வார், அங்கிருந்துதான் கத்தல் தொடங்கும்.

ஃபவுலுக்கு மூடிய கையை நேராக உயர்த்துங்கள், விதிமீறலுக்கு விரித்த உள்ளங்கை. பிறகு ஸ்கோரர் மேசைக்குத் தடையில்லாமல் தெரியும் இடம்வரை ஓடிப்போய் நின்று, எண், ஃபவுலின் வகை, அடுத்து என்ன என்று வரிசையாகக் காட்டுங்கள். ஓடிக்கொண்டே காட்டினால் மேசையிலிருக்கும் பிள்ளை தவறான எண்ணில் எழுதிவிடும். நம் போட்டிகளில் மேசையில் உட்காருவது பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள், அவர்களும் பதற்றத்தில்தான் இருப்பார்கள். 11 முதல் 15 வரையான எண்களுக்கு வலக்கையை மூடிக்கொண்டு இடக்கை விரல்களால் காட்ட வேண்டும். 16 முதல், முதலில் புறங்கையால் பத்தின் இலக்கம், அடுத்து உள்ளங்கைகளால் ஒன்றின் இலக்கம். வீட்டில் கண்ணாடி முன் நின்று நாள்தோறும் ஐந்து நிமிடம் செய்யுங்கள். 37, 58, 94 என்று குறுக்கும் நெடுக்குமாக எண்களை நினைத்துக் கை தானாகப் போகும்வரை பழகுங்கள். கை தடுமாறினால் பார்ப்பவர்கள் முடிவே தடுமாறியதாக நினைப்பார்கள்.

பயிற்சியாளர்கள் கத்துவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில், அவர்கள் உங்கள் எதிரிகள் இல்லை. பலர் உடற்கல்வி ஆசிரியர்கள், விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பிள்ளைகளைக் களத்துக்கு வரச்செய்து, சொந்தக் காசில் பந்து வாங்கிக் கொடுப்பவர்கள். அந்தப் பாடு ஒரு விசிலில் வீணாகிவிடுமோ என்ற பயத்தில் கத்துகிறார்கள். கேள்வியாக வந்தால் சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள். "சார், அவன் எழும்பிய பிறகு உங்கள் பையன் குறுக்கே வந்தான்." இவ்வளவு போதும். நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள், விதி எண்ணைச் சொல்லி வகுப்பு எடுக்காதீர்கள். கால் எங்கே இருந்தது என்று நீங்கள் உண்மையாகப் பார்த்திருந்தால் இந்த வாக்கியம் தானாக வரும். பார்க்கவில்லை என்றால் வாய் குழறும், அவரும் கண்டுபிடித்துவிடுவார். தவறிவிட்டோம் என்று தெரிந்தால், "சார், அதை நான் சரியாகப் பார்க்கவில்லை" என்று ஒருமுறை ஒப்புக்கொள்ளலாம். நேர்மையான பயிற்சியாளர் அதற்குமேல் பேசமாட்டார். ஒரே போட்டியில் மூன்று முறை அப்படிச் சொல்ல நேர்ந்தால், நீங்கள் நிற்கும் இடம் சரியில்லை.

கேள்வி வேறு, வசை வேறு. எல்லா முடிவுக்கும் கையை விரித்துக் கூட்டத்தைத் தூண்டுபவரை முதல் கால் பகுதியிலேயே நிறுத்த வேண்டும். அருகில் போய், மெல்லிய குரலில், ஒருமுறை எச்சரியுங்கள். அதன்பிறகும் தொடர்ந்தால், மோதலுக்கு அல்லாமல் நடத்தைக்குக் கொடுக்கும் டெக்னிக்கல் ஃபவுல் கொடுங்கள், முகத்தில் கோபம் வேண்டாம். ஒரு ஃப்ரீ த்ரோ, பிறகு ஆட்டம் நின்ற இடத்திலிருந்து தொடரும். அதைக் கொடுக்கத் தயங்கிக் கடைசி நிமிடம்வரை பொறுத்து, அப்போது வெடித்துக் கொடுப்பவர்கள்தான் போட்டியைக் கெடுக்கிறார்கள். பெஞ்சிலிருந்து நான்கு பேர் சேர்ந்து பேசினால் தலைமைப் பயிற்சியாளரோடு மட்டும் பேசுவேன் என்று சொல்லிவிடுங்கள். களத்தில் கேப்டன் விவரம் கேட்கலாம், அதுவும் பந்து ஆட்டத்தில் இல்லாமல், கடிகாரம் நின்றிருக்கும்போது, மரியாதையாக.

உங்களோடு ஊதுபவர் தவறியதாகத் தோன்றினாலும், அவருடைய பகுதியில் அவர் எடுத்த முடிவை நீங்கள் மாற்ற முடியாது. விதியும் அப்படித்தான் சொல்கிறது. ஆட்டக்காரரிடம் உதட்டைப் பிதுக்குவதோ, தோளைக் குலுக்குவதோ கூட வேண்டாம். என் மூத்த நடுவர் அன்றைக்கு வெள்ளை அணியின் பெஞ்சு எழுந்து நின்றபோது என் பக்கத்தில் வந்து நின்றார், அவ்வளவுதான். முடிவு தவறு என்று தெரிந்தும் நின்றார். பிறகு தண்ணீர்த் தொட்டியருகே கேட்டார். அந்த வரிசையை நான் இன்றுவரை கடைப்பிடிக்கிறேன்.

விதிப்புத்தகம் மனப்பாடம் என்கிறீர்கள், மகிழ்ச்சி. அதோடு ஃபிபா வெளியிடும் விதி விளக்கங்களையும் வாசியுங்கள். ஒவ்வொரு விதிக்கும் "இப்படி நடந்தால் இது முடிவு" என்று எடுத்துக்காட்டுகளாக இருக்கும். வாரத்துக்கு ஒரு விதி போதும். எடுத்துக்காட்டை வாசித்ததும் முடிவை மூடிவைத்து நீங்களே சொல்லிப் பாருங்கள். இலவசமாகவே இணையத்தில் கிடைக்கிறது.

ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். போட்டி முடிந்த அன்றிரவே, எந்த மூன்று முடிவுகள் உறுத்துகின்றன என்று எழுதுங்கள். எந்த அணி, எந்த எண், நீங்கள் எங்கே நின்றீர்கள், தடுப்பவரின் கால் எங்கே இருந்தது. முடிந்தால் நண்பர் ஒருவரைக் கைப்பேசியில் ஒரு கால் பகுதியைப் படமெடுக்கச் சொல்லுங்கள், ஆனால் பந்தைப் பின்தொடராமல் உங்களையே எடுக்கச் சொல்லுங்கள். நான் முதன்முதலாக அப்படிப் பார்த்தபோது, ஒவ்வொரு முறை பந்து கூடையை நோக்கிப் போகும்போதும் என் தலை அண்ணாந்து வளையத்தைப் பார்ப்பதைக் கண்டேன். கீழே, கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, அதாவது ரீபவுண்டுக்காக, ஆறு பேர் முட்டிமோதிக்கொண்டிருந்தார்கள், நான் பந்து விழுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து விழுந்ததா இல்லையா என்பதைக் கூட்டமே சொல்லிவிடும். அந்த ஒரு பழக்கத்தை விட எனக்கு ஒரு சீசன் முழுவதும் ஆனது.

கோடையில் பெரியகுளத்திலோ வேறு ஊரிலோ அகில இந்தியப் போட்டி நடந்தால், போட்டியைப் பார்க்கப் போகாமல் நடுவர்களைப் பார்க்கப் போங்கள். கூடைக்குப் பின்பக்கம் உட்கார்ந்து, லீட் எப்போது இடம் மாறுகிறார், பந்து தன் பகுதியில் இல்லாதபோது அவர் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். இடைவேளையில் அறிமுகப்படுத்திக்கொண்டு கேளுங்கள். மூத்த நடுவர்கள் பெரும்பாலும் சொல்லிக் கொடுப்பார்கள், கேட்கத்தான் ஆள் வருவதில்லை.

உங்கள் அடுத்த போட்டியில் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முயல வேண்டாம். முதல் பாதியில், பந்து கூட்டாளியின் பகுதிக்குப் போன உடனே கண்ணைப் பந்திலிருந்து பிடுங்கி, உங்கள் பக்கமிருக்கும் தடுப்பவர் மேல் வையுங்கள், அது ஒன்று மட்டும். ஆட்டம் தொடங்கும் முன் கூட்டாளியிடமும் சொல்லிவையுங்கள்: "அண்ணா, நான் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றால் இடைவேளையில் சொல்லுங்கள்." இடைவேளையில் அவர் என்ன சொன்னார் என்பதை எழுதுங்கள். இன்னும் எந்த இடத்தில் சிக்குகிறது என்று அப்போது சேர்ந்து பார்க்கலாம்.